கீசர் தண்ணீர் கொதித்துக் கொட்டுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி கீசர் பற்றித்தான். சூடு வரவில்லை என்று கூப்பிடுபவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. "அண்ணா, இந்த வருஷம் நம்ம கீசர்ல தண்ணி நல்லா கொதிக்குதுங்க" என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால்தான் பதறுகிறது. கோவையில் கீசர், மோட்டார் வேலை பார்க்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, போனில் சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

குழாயைத் திறந்தால் ஆவியும் தண்ணீருமாகச் சீறுகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எம்சிபியை, அதாவது மெயின் போர்டில் உள்ள கரன்ட் வெட்டும் சுவிட்சை, இறக்குங்கள். பாத்ரூம் வாசலில் உள்ள சுவிட்சை நம்ப வேண்டாம்; உள்ளே சூட்டில் ஒட்டிப் போயிருந்தால் தட்டினாலும் கரன்ட் நிற்காது. எது கீசருக்கான எம்சிபி என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்கிவிடுங்கள். வீடு ஐந்து நிமிஷம் இருட்டாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

குழாய் கைக்கு எட்டினால் மூடுங்கள். ஆவியைத் தாண்டித்தான் கை நீட்ட வேண்டும் என்றால் அதையும் விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். கரன்ட் நின்றால் தானாக அடங்கும். கீசருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடாதீர்கள், அடியில் உள்ள சேஃப்டி வால்வைத் திருகாதீர்கள், மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். சூட்டை விடாமல் பிடித்து வைப்பதுதான் கீசரின் வேலை. ராத்திரி அணைத்தது காலையிலும் வெதுவெதுவென்றுதான் இருக்கும். அதனால் ஒரு ராத்திரி முழுக்க ஆறட்டும்.

யார் மேலாவது பட்டிருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் கட்டி, டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். குழந்தை என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

எவ்வளவு சூடு இருந்தால் "அதிகம்" என்று சொல்வது?

நாம் குளிக்கும் தண்ணீர் 40 டிகிரி பக்கம்தான். பெரும்பாலான கீசர்களில் தெர்மோஸ்டாட் 60-லிருந்து 75 டிகிரிக்குள் கரன்ட்டை வெட்டும்படி வைத்திருப்பார்கள். பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்போம் என்ற கணக்கில். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடி பட்டாலே பெரியவர்களுக்கு ஆழமாக வெந்துவிடும். 70 டிகிரிக்கு ஒரு விநாடி போதும். குழந்தைகள், வயசானவர்கள் தோலுக்கு அதுகூட வேண்டாம்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு: குழாய் திறந்தவுடன் தண்ணீருக்கு முன்னால் "புஸ்" என்று காற்றும் ஆவியும் வந்தால் கண்டிப்பாகக் கோளாறு. இன்னொரு சாட்சி பைப்பு. சுடுதண்ணீருக்குப் போடும் சந்தன நிற சிபிவிசி பைப்பு 93 டிகிரி வரை தாங்கும். காசு மிச்சம் என்று சாதா வெள்ளை பிவிசி போட்டிருந்தால் 60-க்கு மேல் அது தளர்ந்து, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி தொங்கும். அப்படி வளைந்த பைப்பைப் பார்த்தால் நான் கீசரைத் தொடுவதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கும்போது ஏன் கொதிக்கிறது?

டேங்க்குக்குள் இருப்பது ஒரு எலிமெண்ட், நம் ஊர்ப் பேச்சில் காயில். பெரும்பாலும் 2000 வாட். அதற்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாது. கரன்ட் கொடுத்தால் காய்ச்சிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்த வரிசையாக இரண்டு காவல்காரர்கள்.

முதலாவது தெர்மோஸ்டாட். ஒரு வகையில் நீளமான பித்தளைக் குழாய், உள்ளே வேறொரு உலோகக் கம்பி. சூட்டில் பித்தளை அதிகம் நீளும், கம்பி நீளாது, அந்த வித்தியாசம் உள்ளே இருக்கும் தொடுமுனையை இழுத்துப் பிரிக்கும். இன்னொரு வகையில் மெல்லிய செம்புக் குழலும் நுனியில் திரவம் அடைத்த குமிழும். திரவம் விரிந்து தொடுமுனையைத் தள்ளும். இரண்டாவது காவல்காரர் கட்-அவுட். தெர்மோஸ்டாட் ஏமாற்றினால் மாடலைப் பொறுத்து 85, 90 டிகிரி பக்கம் இது வெட்டிவிடும். வெட்டியபின் தானாகச் சேராது. சின்ன சிவப்பு பட்டனைக் கையால் அழுத்தினால்தான் சேரும். சில மாடல்களில் இரண்டும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும்.

தெர்மோஸ்டாட் கெடுவது பெரும்பாலும் மூன்று விதத்தில். ஒன்று, 9 ஆம்பியரை வருஷக்கணக்கில் வெட்டிச் சேர்த்து, பொறி பறந்து பறந்து தொடுமுனை உருகி ஒட்டிவிடும். இரண்டாவது, குமிழ் வகையில், போன முறை சர்வீஸ் செய்தவர் குமிழை அதன் குழிக்குள் முழுசாகச் செருகாமல் விட்டிருப்பார். அது வெளியே காற்றில் சும்மா தொங்கிக்கொண்டு "இன்னும் சூடாகவில்லை, சூடாகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதை நான் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. மூன்றாவது உப்பு. அதற்குத் தனியாக வருகிறேன்.

சிவப்பு பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. இரண்டு நாளில் மறுபடி நின்றுவிடுகிறது. கட்-அவுட்டை மாற்றினால் சரியாகுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கட்-அவுட் திரும்பத் திரும்பத் தட்டிக்கொள்வது அது நல்லா இருப்பதால். கோளாறு அதற்கு முன்னால் இருப்பதில்: தெர்மோஸ்டாட்டில், இல்லையென்றால் உப்பில். அரிதாகக் கட்-அவுட்டே பலவீனமாகி 60 டிகிரியிலேயே வெட்டுவதும் உண்டு. ஆனால் தெர்மோஸ்டாட்டைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

போன மார்கழியில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. அந்த அம்மா சொன்னது: "தம்பி, முன்னாடி அடிக்கடி நின்னுட்டிருந்துச்சு. ஒருத்தர் வந்து பார்த்தார், அதுக்கப்புறம் நிக்கவே இல்லை. ஆனா இப்ப குழாய் பிடியைத் தொட முடியலை." அடி மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்-அவுட்டின் இரண்டு முனையையும் சேர்த்து விரல் நீள ஒயர் ஒன்று. அதன் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, ஒயரின் தோல் பொரிந்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. எங்கள் தொழிலில் இதற்கு "டைரக்ட் குடுக்கறது" என்று பேர். தெர்மோஸ்டாட் அப்போதே ஒட்டிப் போயிருந்தது. அது ஒட்டியதால்தான் கட்-அவுட் தட்டியது. வந்தவர் கத்துகிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை உள்ளே விட்டுப் போயிருக்கிறார். அதற்கப்புறம் அந்த வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது சொட்டிக்கொண்டிருந்த சேஃப்டி வால்வு ஒன்றுதான்.

டைரக்ட் கொடுப்பவர் வேண்டுமென்றே கெடுதல் செய்பவர் இல்லை. கையில் அந்த ஸ்பேர் இருக்காது, வீட்டுக்காரர் "இப்பவே ஓடணும்" என்பார், அப்புறம் வந்து மாற்றலாம் என்று கொடுத்துவிட்டுப் போவார். அந்த அப்புறம் வரவே வராது. யார் வந்தாலும் "கட்-அவுட்டை டைரக்ட் பண்ணாதீங்க, ஸ்பேர் வர்ற வரைக்கும் அடுப்பில் காய்ச்சிக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூடியை மாட்டும் முன் உங்கள் போனில் உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கிற வீட்டில் யாரும் டைரக்ட் கொடுக்க மாட்டார்கள்.

அடியில் உள்ள வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

கூடவே கூடாது. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர், கூடுதலாக இடம் கேட்கும். வந்த வழியே திரும்பிப் போக ஒருவழி வால்வு விடாது. அதனால் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டும். காயும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆறிய பிறகும் சொட்டினால் வால்வுக்குள் உப்பு அடைத்திருக்கிறது அல்லது மாடித் தண்ணீரின் அழுத்தம் அதிகம். ஆவியாகவே சீறினால் முதல் கேள்விக்குப் போங்கள். ஒரு வீட்டில் சொட்டுகிற எரிச்சலில் அந்த வாயில் எண்ட் கேப் போட்டு டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதன் கீழே நிற்கக் கால் வரவில்லை.

அப்படியென்றால் கீசர் உண்மையிலேயே வெடிக்குமா?

வெடிக்கும். ஆனால் அதற்குத் தெர்மோஸ்டாட், கட்-அவுட், சேஃப்டி வால்வு மூன்றும் ஒரே சமயத்தில் செயலிழந்திருக்க வேண்டும். தானாக மூன்றும் கெடுவது அபூர்வம். ஒன்று கெட்டு, இரண்டாவதை டைரக்ட் கொடுத்து, மூன்றாவதை அடைத்து வைக்கும்போது நடக்கிறது.

கணக்கு இதுதான். மூடிய டேங்க்கில் 8 பார் அழுத்தம் ஏறிவிட்டால் தண்ணீர் 170 டிகிரி தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். டேங்க் கிழிந்த அந்த நொடியில் அதில் ஏழெட்டில் ஒரு பங்கு ஆவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். 15 லிட்டர் கீசரில் இரண்டு லிட்டர் மாறினாலே 3,000 லிட்டருக்கு மேல், அதுவும் ஐந்துக்கு ஏழடி பாத்ரூமுக்குள்.

உப்புத் தண்ணிக்கும் கொதிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிறுவாணித் தண்ணியைக் குடிக்கப் பிடித்து வைத்துவிட்டு, போர்த் தண்ணியை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். கீசருக்குப் போவது போர்த் தண்ணி. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு பட்டதும் பிரிந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவமாக எலிமெண்ட் மேல் ஒட்டும். 60 டிகிரிக்கு மேல் போகப் போக வேகமாகப் படியும்.

அந்தப் படிவம் போர்வை மாதிரி. எலிமெண்ட்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமெண்ட்டிலேயே நின்று, அதன் மேலுறை வெடிக்கும். அப்புறம் தண்ணீரில் கரன்ட் கசியும். கூடவே தெர்மோஸ்டாட் உட்காரும் குழாயையும் அதே போர்வை மூடிவிடும். தண்ணீர் எண்பதைத் தொட்டிருக்கும், ஆனால் போர்வைக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரிய நேரமாகும். புது தெர்மோஸ்டாட் மாற்றியும் கொதிக்கிறது என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணம். காயும்போது உள்ளிருந்து "கொர கொர, டப் டப்" என்று சத்தம் வந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நான்கு வருஷம் தொடாத ஒரு கீசரைத் திறந்தபோது எலிமெண்ட் வெளியே வரவில்லை. உப்பு அதன் வளைவுகளை நிரப்பி, போன துளையைவிடப் பருத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டத் தட்ட முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லாக உதிர்ந்தது. டேங்க் அடியிலிருந்து வழித்தெடுத்தது அரைப் பக்கெட் வந்தது. 25 லிட்டர் என்று நினைத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

போர்த் தண்ணி வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யுங்கள். எலிமெண்ட்டை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் படிவம் நுரைத்துக் கரையும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள், டேங்க் பூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்போதே மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் கம்பி அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதுசு போடுங்கள். வெளியே திருகுப் பட்டன் உள்ள மாடல் என்றால் கடைசி வரை திருகாதீர்கள். நடுவில் வைத்தாலே குளிக்கப் போதும், உப்பும் மெதுவாகத்தான் சேரும்.

தெர்மோஸ்டாட்டை நானே மாற்றிக்கொள்ளலாமா?

டெஸ்டரும் மல்டிமீட்டரும் பழகின கை என்றால் முடியும். மற்றவர்கள் வேண்டாம், பாத்ரூம், தண்ணீர், கரன்ட் மூன்றும் சேர்ந்த இடம்.

செய்பவர்களுக்கு: எம்சிபியை இறக்கி, முனைகளில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, பழைய இணைப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆறிய நிலையில் தெர்மோஸ்டாட்டின் இரு முனைக்கும் தொடர்ச்சி காட்ட வேண்டும். அதைக் கழற்றி நுனியைச் சுடுதண்ணீரில் வைத்தால் "டிக்" என்று விட வேண்டும். விடவில்லை என்றால் ஒட்டிவிட்டது. 2000 வாட் எலிமெண்ட்டின் மின்தடை 26 ஓம் பக்கம் காட்டும். எலிமெண்ட் முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் எலிமெண்ட்டும் போயிற்று.

ஸ்பேர் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். நீளம், ஆம்பியர், டிகிரி மூன்றும் ஒத்துப் போக வேண்டும். கட்-அவுட் சேர்ந்த மாடலுக்குப் பதில் "இதுவும் பொருந்தும் சார்" என்று கட்-அவுட் இல்லாததைக் கொடுத்தால் வாங்காதீர்கள். விலை சில நூறு ரூபாய்தான்.

காய எவ்வளவு நேரம் ஆக வேண்டும்? விளக்கு அணையவே இல்லை.

2000 வாட் கீசரில் 15 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 18, 20 நிமிஷம். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். யாரும் தண்ணீர் பிடிக்காமலேயே முக்கால் மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். சில மாடல்களில் ஒரு விளக்கு கரன்ட் இருக்கிறது என்பதற்கு, இன்னொன்று காய்கிறது என்பதற்கு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீசரின் பிளக் கருகிப் போகிறது. அதுவும் இதே கோளாறா?

வேறு கோளாறு, ஆனால் அதே அவசரம். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3000 என்றால் 13. டிவிக்கான 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்துச் செருகினால் கருகத்தான் செய்யும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி ஒயர், எர்த், கரன்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். ஷவரில் குளிக்கும்போது திடீரென்று கொதிக்கிறது, அப்புறம் பச்சையாக வருகிறது.

தண்ணீர் வேகம் குறைவு. 3000 வாட் எலிமெண்ட் மூன்றே லிட்டரைக் காய்ச்சும்போது ஓட்டம் குறைந்தால் சூடு சட்டென்று ஏறும், தெர்மோஸ்டாட் வெட்டும், பச்சைத் தண்ணீர் வரும். கீசரை மாற்றும் முன் ஷவர் தலையைக் கழற்றி உப்பை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

மாடியில் சோலார். சித்திரையில் கொதிக்கிறது.

வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. டேங்க் மேலே நிற்கும் ஏர் வெண்ட் பைப்பு அடைபடாமல் திறந்திருக்க வேண்டும். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்துக்கு வைத்த பேக்கப் ஹீட்டரைப் பங்குனியிலேயே அணைத்துவிடுங்கள். அதை மறந்து வருஷம் முழுக்க ஓட்டிவிட்டு, சோலார் போட்டும் பில் குறையவில்லை என்கிறவர்கள் உண்டு.

பக்கெட்டில் போடும் ராடு ஹீட்டருக்கும் இதெல்லாம் உண்டா?

சாதா ராடில் எந்தக் காவலும் இல்லை. காவல்காரர் நீங்கள்தான். 1500 வாட் ராடு 20 லிட்டரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர 20 நிமிஷம் போதும். போனில் அலாரம் வையுங்கள். ராடில் உள்ள குறியளவு தண்ணீர் இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், கழற்றியபின் கொஞ்ச நேரம் ராடு தண்ணீருக்குள்ளேயே ஆறட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் சாமானே வேண்டாம் என்பது என் கட்சி.

மகள் லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அலமாரிக்குள் பெரிய செம்பு சிலிண்டர், மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறதாம்.

இன்றே அணைக்கச் சொல்லுங்கள். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் சிலிண்டருக்குள் 3000 வாட் இம்மர்ஷன் ஹீட்டர் இருக்கும். சிலிண்டரின் உச்சியிலிருந்து ஒரு பைப்பு கூரைக்கடியில் உள்ள பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வளைந்து நிற்கும். தெர்மோஸ்டாட் ஒட்டிவிட்டால் கொதிக்கும் தண்ணீர் அந்தப் பைப்பு வழியாகத் தொட்டியில் விழுந்து, பிளாஸ்டிக் தொட்டியே தளர்ந்துவிடும். 2006-இல் இங்கிலாந்தின் டான்டன் நகரில் அப்படி ஒரு தொட்டி உடைந்து, கீழே அறையில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்துபோனது. பழைய தெர்மோஸ்டாட்டுகளில் கட்-அவுட் கிடையாது. இப்போது வருபவற்றில் கையால் அழுத்திச் சேர்க்கும் கட்-அவுட் உண்டு.

அறிகுறிகள்: மாடியில் கொதிக்கும் சத்தம், பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் சூடு, கூரையடியில் ஆவி. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தத் தொட்டிக்குக் கீழே உள்ள அறையில் யாரும் படுக்க வேண்டாம். வீட்டு ஓனருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்கட்டும். சரிபார்ப்பது ஓனர் பொறுப்பு, வாடகைக்கு இருப்பவர் செலவில்லை.

பத்து வருஷக் கீசர். பழுது பார்க்கலாமா, புதுசு வாங்கலாமா?

டேங்க் கசிந்தால் புதுசுதான், ஒட்டுப் போட முடியாது. கசியவில்லை என்றால் தெர்மோஸ்டாட், கட்-அவுட், வால்வு, எலிமெண்ட் எல்லாம் மாற்றக்கூடியவை. புதுசு வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை, மின்சிக்கனத்தைக் காட்டும் பிஇஇ நட்சத்திரம் இரண்டையும் பாருங்கள். பெட்டியோடு வரும் சேஃப்டி வால்வை, பிளம்பர் "இது தேவையில்லைங்க" என்று ஓரமாக வைத்துவிட்டுப் போகிறாரா என்பதையும் பாருங்கள். போன மாசம் ஒரு வீட்டில் அதை அலமாரியில் பிரிக்காத கவரோடு எடுத்துக் காட்டினார்கள்.